பிள்ளையின் திறமை யாருக்குச் சொந்தம்?

என் அக்கா மகனுக்கு எட்டு வயது. வீட்டில் எல்லாரும் அவனைக் குட்டி என்றுதான் கூப்பிடுவோம். போன வருஷம் தைப்பூசம் முடிந்த மறுநாள், ஜெலுத்தோங்கில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பழைய காலண்டர் தாளைத் திருப்பிப் போட்டு, தரையில் குப்புறப் படுத்து ஏதோ வரைந்துகொண்டிருந்தான். எட்டிப் பார்த்தேன். வெள்ளி ரதம் வரும் தெரு. ஆனால் படத்தில் ஒரு முகம்கூட இல்லை. கால்கள், நிறையக் கால்கள். நடுவில் தேர்ச்சக்கரம். மாட்டின் குளம்பு. தரை முழுக்கச் சிதறிக் கிடக்கும் தேங்காய்ச் சில்லுகள், ஒன்று மாதிரி இன்னொன்று இல்லை.

"ஏன்டா, ஆள் முகமே இல்ல?"

"எனக்கு அதான் மாமா தெரிஞ்சுச்சு. மேல இருக்கிறது எல்லாம் அப்பா தூக்கினாத்தான் தெரியும்."

பினாங்கு தைப்பூசத்தை நினைவு தெரிந்த நாளிலிருந்து பார்க்கிறேன். ரதத்துக்கு முன்னால் தேங்காயை மலை மாதிரி குவித்து உடைப்பது நம் ஊருக்கே உரிய காட்சி. ஆனால் நாலடி உயரத்தில் நிற்கும் ஒரு பிள்ளைக்கு அது எப்படித் தெரியும் என்று ஒருநாளும் நான் யோசித்தது கிடையாது. இந்தப் பையன் யோசிக்கவே இல்லை, பார்த்ததை அப்படியே போட்டுவிட்டான். இவனுக்குள் ஏதோ இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குப் பட்டது.

அடுத்து நான் செய்ததைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

அவன் வரைவதைக் கைப்பேசியில் படம் பிடித்து, வேகத்தைக் கூட்டி, பின்னால் ஒரு பாட்டும் போட்டு டிக்டாக்கில் ஏற்றினேன். இரண்டே நாளில் நான் எதிர்பார்க்காத அளவுக்கு லைக் வந்தது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சித்தப்பா, பெரியம்மா எல்லாரும் கைதட்டினார்கள். "மீத்திறன் பிள்ளை, விட்டுடாதீங்க" என்று ஒருவர் எழுதினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. தொழிற்பயிற்சியில் கிடைத்த அலவன்ஸைச் சேர்த்து அவனுக்கு ஒரு டேப்லட்டும் பேனாவும் வாங்கிக் கொடுத்தேன். "இனிமே காலண்டர் தாள் வேணாம்டா, உலகமே உன் கையில இருக்கு."

மூன்று மாதம் கழித்து அக்கா போன் பண்ணினாள். "நீ குடுத்த டேப்பால ராத்திரி பதினொரு மணி ஆனாலும் தூங்க மாட்டேங்கிறான். கொஞ்சம் வந்து என்னன்னு கேளு."

போய்ப் பார்த்தேன். முதலில் காணொலியைப் பார்த்து அதே மாதிரி கார், கார்ட்டூன் முகம் எல்லாம் வரைந்திருக்கிறான். சுத்தமாகத்தான் இருந்தது. அப்புறம் வரைவது குறைந்து, மற்றவர்கள் வரைவதைப் பார்ப்பது மட்டும் மிச்சமாகிவிட்டது. "வாடா, புதுசா ஒன்னு வரை, மாமா வீடியோ எடுக்கிறேன்" என்றேன்.

"எத்தனை லைக் வரும் மாமா?"

நான் சிரித்து மழுப்பினேன். அவன் சிரிக்கவில்லை. ஏதோ ஒரு நாட்டுப் பையன் வரையும் காணொலியைத் திறந்து என் பக்கம் நீட்டினான்.

"இவன் அளவுக்கு எனக்கு வராது மாமா. எனக்கு வரையத் தெரியாது."

எட்டு வயது. மூன்று மாதத்துக்கு முன்னால் இந்த உலகத்தில் வேறு யாருமே வரையாத ஒரு படத்தை வரைந்தவன் அவன்.

இலக்கை யார் வைத்தது?

நான் பொறியியல் மூன்றாம் ஆண்டு மாணவன். கட்டுப்பாட்டு அமைப்பு பற்றி ஒரு பாடம் உண்டு. எளிமையாகச் சொன்னால், வீட்டு ஏர்கோன் மாதிரி. 24 டிகிரி என்று நாம் ஓர் எண்ணை வைக்கிறோம். இயந்திரம் அறையின் வெப்பத்தை அளக்கும், வைத்த எண்ணோடு ஒப்பிடும், வித்தியாசத்தைத் திருத்தும். திரும்ப அளக்கும். ஓயவே ஓயாது. எந்த அமைப்பைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அந்த இலக்கு எண்ணை யார் வைத்தது என்பதுதான்.

காணொலிச் செயலியும் இப்படி ஓர் அமைப்புதான். யூடியூப் 2012ஆம் ஆண்டில் தன் பரிந்துரை முறையை மாற்றியது. எத்தனை பேர் சொடுக்கினார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு அதிக எடை கொடுக்க ஆரம்பித்தது. அன்றிலிருந்து நிறையச் செயலிகள் அந்த வழியில்தான் போகின்றன. பிள்ளை எந்த இடத்தில் நிற்கிறான், எதில் நகர்ந்துவிடுகிறான் என்று அளந்து அளந்து, அவன் எழுந்து போகாதபடி அடுத்ததைத் தரும். அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. அவன் அதற்கப்புறம் ஒரு தாளை எடுத்து வரைந்தானா என்பது அதன் கணக்கிலேயே கிடையாது.

இந்த இடத்தில் பழியை யூடியூப் மேல் போட்டுவிட்டுக் கட்டுரையை முடித்திருக்கலாம். மனசு கேட்கவில்லை. ஏனென்றால் குட்டியின் தலைக்குள் முதல் இலக்கு எண்ணை வைத்தது எந்த நிறுவனமும் இல்லை. லைக் என்ற அந்த எண்ணை வைத்தது நான்.

ஆஸ்திரேலியாவில் 16 வயதுக்கு உட்பட்டவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்க முடியாதபடி 2025 டிசம்பர் 10 முதல் சட்டம் அமலில் இருக்கிறது. நம் நாட்டிலும் அதே பேச்சு எழுந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் அப்படி ஒரு சட்டம் குட்டி கணக்குத் திறப்பதைத்தான் தடுக்கும். குட்டியைப் படம் பிடித்து என் கணக்கில் நான் போடுவதைத் தடுக்காது. மணிக்கணக்கும் இதே மாதிரிதான். உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டி, இரண்டிலிருந்து நாலு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்கிறது. சின்னப் பிள்ளைகளுக்கு அந்த அளவு அவசியம். ஆனால் எட்டு வயதுத் திறமைசாலியின் மனசுக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கடிகாரத்தால் அளக்க முடியாது.

மணிலாவில் ஓர் அம்மா

திரைக்கும் திறமைக்கும் நடுவில் என்ன இருக்க வேண்டும் என்று யோசித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது விஸ்வநாதன் ஆனந்த். 1969இல் மயிலாடுதுறையில் பிறந்தவர். அம்மா சுசீலா ஆறு வயதில் அவருக்குச் சதுரங்கம் சொல்லிக் கொடுத்தார். 1970களின் கடைசியில் அப்பாவின் ரயில்வே வேலை காரணமாகக் குடும்பம் பிலிப்பைன்ஸ் தலைநகர் மணிலாவுக்குப் போனது. அங்கே தொலைக்காட்சியில் மதிய நேரத்தில் ஒரு சதுரங்க நிகழ்ச்சி வரும். கடைசியில் ஒரு புதிர் போடுவார்கள், சரியான விடை அனுப்பினால் புத்தகம் பரிசு. சிறுவன் ஆனந்த் அந்த நேரத்தில் பள்ளிக்கூடத்தில் இருப்பான். அம்மா உட்கார்ந்து நிகழ்ச்சியைப் பார்த்து, ஆட்டங்களையும் புதிரையும் எழுதி வைப்பார். சாயங்காலம் பையன் வந்ததும் இருவரும் சேர்ந்து விடை கண்டுபிடிப்பார்கள். அவன் ஜெயித்துக்கொண்டே இருந்ததால், வேண்டிய புத்தகங்களை எடுத்துக்கொள், இனிமேல் விடை மட்டும் அனுப்பாதே என்று கடைசியில் சொல்லிவிட்டார்களாம். அந்தச் சிறுவன்தான் 1988இல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். பிறகு உலக வெற்றியாளரும் ஆனார்.

கவனியுங்கள், அந்த வீட்டில் திரை எதிரியாக இல்லை. திரை கேள்வியைக் கொடுத்தது. விடையைத் தேடியது ஒரு அம்மாவும் பிள்ளையும், ஒரு பலகையைச் சுற்றி உட்கார்ந்து.

அடுத்தது சென்னையில் ஒரு சாதாரணக் குடும்பம். அப்பா ரமேஷ்பாபு வங்கி ஊழியர், அம்மா நாகலட்சுமி. மகள் வைஷாலி எந்நேரமும் டிவியில் கார்ட்டூன் பார்க்கிறாள் என்று அவளைச் சதுரங்க வகுப்பில் சேர்த்தார்கள். அக்கா ஆடுவதைப் பார்த்துப் பார்த்துத் தம்பியும் காயை நகர்த்த ஆரம்பித்தான். அந்தத் தம்பி பிரக்ஞானந்தா 2018இல் 12 வயதில் கிராண்ட்மாஸ்டர். அக்கா வைஷாலி 2023இல் கிராண்ட்மாஸ்டர். உலகத்திலேயே அக்கா தம்பி இருவரும் அந்தப் பட்டம் வாங்கியது இதுதான் முதல் முறை. வெளிநாட்டுப் போட்டிக்கெல்லாம் அம்மா குக்கரைத் தூக்கிக்கொண்டு கூடப் போய், சாதமும் ரசமும் வைத்துக் கொடுப்பார். இந்தப் பெற்றோர் டிவியை அணைத்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. அணைத்த இடத்தில் வேறு ஒன்றை வைத்தார்கள். நம் வீடுகளில் பாதி நேரம் நடப்பது என்ன? "போனை வைடா!" என்று ஒரு சத்தம். வைத்தபின் அவன் என்ன செய்வான் என்று யாரும் யோசிப்பதில்லை.

மூன்றாவது நமக்குப் பக்கத்திலேயே நடந்தது. 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர். சென்னையைச் சேர்ந்த குகேஷ் 18 வயதில் உலகச் சதுரங்க வெற்றியாளர் ஆனார். அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா, அவர் 2019இல் கிராண்ட்மாஸ்டர் ஆகும் காலம் வரை கணினி எஞ்சின் பக்கமே விடவில்லை என்பது பலருக்குத் தெரியாது. இன்றைக்குச் சதுரங்கம் ஆடும் சின்னப் பிள்ளைகூட ஒரு பொத்தானைத் தட்டினால் சிறந்த நகர்வு எது என்று எஞ்சின் சொல்லிவிடும். அது சொல்லும் விடை சரிதான். ஆனால் தானாகத் தப்பு செய்து, தானாகவே அந்தத் தப்பைக் கண்டுபிடிக்கும் பழக்கம் வருவதற்கு முன்னால் சரியான விடை வந்துவிட்டால், அந்தப் பழக்கம் எப்படி வரும்? குட்டிக்கு நான் செய்தது இதுதான். அவன் கண் அவனுக்குப் பழகும் முன்னாலேயே, உலகத்திலேயே சிறந்த கைகளைக் கொண்டுவந்து அவன் முன்னால் நிறுத்திவிட்டேன்.

ஜெயிக்காவிட்டால்?

"தம்பி, நீ சொல்ற மூணு பேரும் ஜெயிச்சவங்க. ஜெயிக்காத பிள்ளைங்க கதை யாருக்குத் தெரியும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. குகேஷின் அப்பா காது மூக்கு தொண்டை மருத்துவர், மகனோடு போட்டிகளுக்குப் போவதற்காகத் தொழிலையே நிறுத்தி வைத்தார். அதே மாதிரி எல்லாவற்றையும் பணயம் வைத்து, பிள்ளை பட்டம் வாங்காமல் போன பெற்றோரும் இருப்பார்கள். வெற்றியை வைத்து ஒரு செயல் சரியா தப்பா என்று முடிவு பண்ண முடியாது.

அதனால் நான் எனக்கென்று ஒரு சோதனை வைத்துக்கொண்டேன். இந்தப் பிள்ளை பிற்காலத்தில் பெரிய ஆளாக வராமலே போனாலும், இன்றைக்கு நான் அவனோடு செய்வது நல்ல காரியமாக இருக்குமா?

மணிலா அம்மாவின் சாயங்காலத்தை இந்தச் சோதனையில் வைத்துப் பாருங்கள். ஆனந்த் ஒரு சாதாரணக் குமாஸ்தாவாகப் போயிருந்தாலும் அந்த ஒரு மணி நேரம் வீண் இல்லை. அம்மாவும் பிள்ளையும் ஒரு புதிர் முன்னால் சேர்ந்து உட்கார்ந்த நேரம் அது, அதுவே போதும். இப்போது என் டிக்டாக் காணொலியை வையுங்கள். லைக் வராவிட்டால் அதற்கு அர்த்தமே கிடையாது. அதில் குட்டிக்கு என்ன இருந்தது? எனக்குத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சமய வகுப்பில் கீதை பாடம் வரும்போது, பலனில் பற்று வைக்காமல் கடமையைச் செய் என்று எல்லாரும் ஒப்பிப்போம். அதைப் பரீட்சைக்கும் வேலைக்கும் பொருத்திப் பார்ப்போம். பிள்ளை வளர்ப்பில் பொருத்திப் பார்த்திருக்கிறோமா? பிள்ளையே நமக்கு ஒரு பலனாக ஆகிவிடுகிறான், அங்கேதான் பிரச்சினை. திருக்குறளில் மக்கட்பேறு அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். மகனை அறிஞர் அவையில் முதலிடத்தில் இருக்கும்படி ஆக்குவது தந்தையின் கடமை என்று வள்ளுவர் சொல்வது உண்மை. ஆனால் அதற்கு முன்னாலேயே, பிள்ளை தன் சின்னக் கையால் அளைந்து வைத்த கூழ் அமுதத்தைவிட இனிது என்று சொல்லிவிடுகிறார். முதலில் கூழ், அப்புறம்தான் அவை. நாம் பிள்ளையின் கையைக் கழுவித் துடைத்து நேராக அவைக்கு இழுத்துக்கொண்டு போகிறோம்.

இன்னொரு நியாயமான கேள்வியும் இருக்கிறது. இதற்கெல்லாம் நேரம் யாருக்கு? அக்கா பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் 12 மணி நேர ஷிப்ட். அத்தான் கிராப் ஓட்டுகிறார். இரண்டு பேரும் வீட்டுக்கு வந்து சேரும்போது உடம்பில் உயிர் இருக்காது. அந்த நேரத்தில் பிள்ளை கையில் ஒரு போனைக் கொடுப்பது சோம்பேறித்தனம் இல்லை, களைப்பு. கல்லூரியில் படித்துக்கொண்டு, யார் சமைத்தார்கள் என்று தெரியாமல் சாப்பிட்டுவிட்டுப் போகிற நான் அவளுக்கு உபதேசம் பண்ணினால் அது வெட்கக்கேடு.

ஆனால் எனக்கு நேரம் இருந்தது. காணொலி எடுக்க, வெட்டி ஒட்ட, பாட்டுப் போட, எத்தனை லைக் என்று பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பார்க்க நேரம் இருந்தது. அவன் பக்கத்தில் தரையில் படுத்து, "இந்தத் தேங்காய்ச் சில்லு ஏன்டா இப்படி வளைஞ்சிருக்கு?" என்று கேட்கத்தான் நேரம் இல்லாமல் போனது.

இதைப் படிக்கிற நம்மில் பெரும்பாலோர் இன்னும் அப்பா அம்மா ஆகவில்லை. அதனால் இது நமக்கு இல்லை என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். நாம் அண்ணன், அக்கா, மாமா, சித்தி, சமய வகுப்பு ஆசிரியர். பிள்ளைகளுக்குப் புதுச் செயலியை முதலில் காட்டிக் கொடுப்பது பல வீடுகளில் பெற்றோர் இல்லை, நாம்தான். காட்டிக் கொடுத்தவர்களுக்குக் கூட உட்காரும் கடமையும் உண்டு.

இரண்டு மலை

ஞானப்பழம் கதை நம் எல்லாருக்கும் தெரியும். ஒரு மாம்பழம், இரண்டு பிள்ளைகள், உலகத்தை முதலில் சுற்றி வருபவருக்குப் பரிசு. அண்ணன் அம்மையப்பனைச் சுற்றி வந்து பழத்தை வாங்கிவிட்டார். மயிலேறி உண்மையாகவே உலகத்தைச் சுற்றிய தம்பி திரும்பி வந்து, கோபித்துக்கொண்டு பழனிக்குப் போய்விட்டார். பெரியவர்கள் இதற்கு ஆழமான தத்துவம் சொல்வார்கள். அது இருக்கட்டும், ஒரு வீட்டுக் கதையாகவும் இதைக் கேட்டுப் பாருங்கள். ஒருவருக்குச் சிந்தனை, இன்னொருவருக்கு வேகம். இரண்டுமே திறமைதான். ஆனால் பழம் ஒன்றே ஒன்று என்றதும், திறமையுள்ள ஒரு பிள்ளை தோற்றவன் ஆகிவிட்டான். நம் தண்ணீர்மலையில் நாம் காவடி எடுத்துப் போய்ப் பார்ப்பது அந்தத் தண்டாயுதபாணியைத்தான். குட்டி டேப்லட்டை என் பக்கம் நீட்டி "இவன் அளவுக்கு எனக்கு வராது" என்று சொன்னபோது, அவனுக்கு முன்னால் மாம்பழத்தை வைத்தவன் நான்தான் என்று புரிந்தது.

அதே முருகனுக்கு சுவாமிமலை என்று இன்னொரு படைவீடும் உண்டு. அங்கே போட்டி இல்லை, பரிசு இல்லை. பிள்ளை பிரணவத்துக்குப் பொருள் சொல்ல, அப்பா பணிந்து நின்று காது கொடுக்கிறார். பழனியும் சுவாமிமலையும் ஒரே பிள்ளையின் கதைகள்தான்.

இப்போது என்ன நடக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். அந்தக் காணொலியை எடுத்துவிட்டேன். நீக்குவதற்கு முன்னால் குட்டியிடம் கேட்டேன், "உன் படம்தானே, நீ சொல்லு" என்று. ரொம்ப நேரம் யோசித்துவிட்டு "எடுத்துரு" என்றான். டேப்லட் இன்னும் வீட்டில் இருக்கிறது. சனிக்கிழமை சாயங்காலம் நான் போகும்போது இருவரும் சேர்ந்து ஏதாவது ஒன்று பார்ப்போம், தேர்ச்சக்கரம் செய்வது எப்படி என்கிற மாதிரி. அப்புறம் அதை மூடிவிட்டுத் தரையில் படுத்துவிடுவோம். முதல் சில வாரம் அவன் ஒன்றும் வரையவில்லை. நான் மட்டும் கோணல் மாணலாக வரைந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் என் மாட்டைப் பார்த்துவிட்டு, "மாமா, மாட்டுக்கு முட்டி இந்தப் பக்கம் மடங்காது" என்று பென்சிலைப் பிடுங்கிக்கொண்டான்.

அவன் ஓவியன் ஆவானா, லாரி ஓட்டுவானா, என்னை மாதிரி பொறியியல் படிப்பானா, அது அவன் பாடு. அந்தச் சாயங்காலம் எனக்கு வீணாகவில்லை.

அடுத்த தைப்பூசத்தில் ரதம் வரும்போது, பக்கத்தில் ஏதாவது ஒரு பிள்ளை நின்றால், கைப்பேசியைப் பையில் வைத்துவிட்டு அவன் உயரத்துக்குக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். என்ன தெரிகிறது என்று அவனிடமே கேளுங்கள்.